கறுத்துப்போன வாழைப்பழமும் ஆமிஷ் கேக்கும்: ஒரு கேக்கின் வயதைக் கண்டுபிடிப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

யூடியூப்பில் சமையல் பார்க்கும் நம் ராத்தாமார், தங்கச்சிமாருக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்: "ஆமிஷ் வாழைப்பழக் கேக்". கனிந்து, தோல் கறுத்து, தூக்கி வீசப்போகும் நிலையில் இருக்கும் பழத்தை மசித்து, கோதுமை மா, சீனி, முட்டை, அப்பச்சோடா சேர்த்துச் சுடுவார்கள். கூடவே, "இது முந்நூறு வருடப் பழமையான பாரம்பரியச் செய்முறை" என்று ஒரு வரியும் வரும்.

வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நாம் ஒன்று சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு பொருள் கையில் கிடைத்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே, அது எதனால் செய்யப்பட்டது என்று பார். காசுக்கும் கல்வெட்டுக்கும் பொருந்தும் இந்த விதி கேக்குக்கும் பொருந்தும். பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் கேக்கில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதலில் பெயருக்குரியவர்கள் யார் என்று பார்ப்போம்.

1525இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சிறு கிறிஸ்தவக் குழு உருவானது. விபரம் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல, வளர்ந்து தானே விரும்பி ஏற்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஆயுதம் ஏந்தமாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்யமாட்டோம் என்றும் சொன்னார்கள். நகர ஆட்சியாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களின் தலைவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அதன்பின் பல தலைமுறைகளாகச் சிறை, நாடுகடத்தல், மரணம்தான். 1693இல் ஜேக்கப் அம்மான் என்ற போதகர், ஒழுங்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று கூறித் தனியாகப் பிரிந்தார். அவரைப் பின்பற்றியவர்கள்தான் ஆமிஷ்கள்.

18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இவர்கள் அத்திலாந்திக் கடலைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். அந்தக் குடியேற்றத்தை நிறுவிய வில்லியம் பென், மதச் சுதந்திரம் உண்டு என்று அறிவித்திருந்தார். வந்தவர்கள் பிழைத்தார்கள். ஐரோப்பாவில் தங்கியவர்கள் மெல்ல மெல்ல ஏனைய சபைகளோடு கரைந்தார்கள். அங்கே எஞ்சியிருந்த கடைசி ஆமிஷ் சபையும் 1937இல் மற்றொரு சபையோடு இணைந்துவிட்டது. வட அமெரிக்காவிலோ 1900ஆம் ஆண்டளவில் ஐயாயிரம், ஆறாயிரம் பேராக இருந்தவர்கள் இன்று நான்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பெரும்பாலானோர் மின்சாரக் கம்பியை வீட்டுக்குள் எடுப்பதில்லை. கார் வாங்குவதில்லை, குதிரை வண்டிதான். பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கான உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவர்களுக்கு வழங்கியது. ஓர் ஆசிரியராக எனக்கு அந்த விடயத்தில் அவர்களோடு உடன்பாடில்லை. ஆனால் ஒரு சிறு சமூகம் முந்நூறு வருடங்களாகத் தன் உடையையும் மொழியையும் ஒழுங்கையும் விடாமல் வைத்திருப்பது சாதாரண விடயமல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, இனி கேக்குக்கு வருவோம்.

முதல் சாட்சி: வாழைப்பழம்.

பென்சில்வேனியாவில் குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்கே தோட்டத்தில் வாழை குலை தள்ளாது. வாழையின் சொந்த ஊர் நமது பக்கம், அதாவது தென்கிழக்கு ஆசியாவும் நியூகினியும். அரபு வணிகர்களும் விவசாயிகளும் அதை மத்தியதரைக் கடல் வரை கொண்டுபோனார்கள். அரபியில் வாழைப்பழம் "மவ்ஸ்". தாவரவியலார் வாழை இனத்துக்கு வைத்திருக்கும் "மூசா" என்ற பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்றே பலரும் கொள்கிறார்கள். 1516இல் ஸ்பானியப் பாதிரியார் ஒருவர் கனேரி தீவுகளிலிருந்து கரிபியன் தீவுகளுக்கு வாழையைக் கொண்டுபோனார்.

ஆனால் அங்கிருந்து வட அமெரிக்காவின் சாதாரண வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர இன்னும் முந்நூற்றைம்பது வருடங்கள் எடுத்தன. காரணம் எளிது: பழம் அழுகிவிடும். பாய்மரக் கப்பல் தாமதமானால் குலை முழுவதும் கடலுக்குத்தான். 1870இல் லொரென்சோ டவ் பேக்கர் என்ற கப்பல் தலைவர் ஜமெய்க்காவில் 160 குலைகளை ஏற்றிக்கொண்டு, பதினொரு நாளில் நியூ ஜேர்சி துறைமுகத்தை அடைந்து, குலை 2 டொலர் வீதம் விற்றார். வாழைப்பழம் பெரிய வியாபாரமாக மாறிய கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நீராவிக் கப்பலும் குளிரூட்டிய புகையிரதப் பெட்டியும் வந்த பிறகே உள்ளூர்க் கடைகளில் பழம் மலிந்தது.

ஆகவே, பென்சில்வேனியாவின் கிராமத்துப் பெண் ஒருவர் "பழம் கனிந்துவிட்டதே, என்ன செய்வது" என்று யோசிக்கும் நிலை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்திருக்க முடியும். முந்நூறு வருடக் கதை இந்த முதல் சாட்சியிலேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது சாட்சி: அப்பச்சோடா.

கேக் எழும்புவதற்கு உள்ளே வாயு வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு இருந்த வழிகள் இரண்டு: ஈஸ்டைப் புளிக்க வைப்பது, அல்லது முட்டையைக் கை வலிக்க அடிப்பது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கர்கள் விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த ஒரு வகை உப்பைப் பாவிக்கத் தொடங்கினார்கள். 1846க்குப் பிறகுதான் அப்பச்சோடா தொழிற்சாலையில் தயாராகிக் கடைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பேக்கிங் பவுடரும் பரவியது. இரவிரவாகப் புளிக்க வைக்காமல், கலந்த உடனே சுடக்கூடிய "விரைவுப் பாண்" வகைகள் இதன் பிள்ளைகள்தான்.

வாழைப்பழமும் அப்பச்சோடாவும் ஏன் நல்ல ஜோடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழத்தில் இலேசான அமிலம் இருக்கிறது. சோடா அமிலத்தோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வெளியேறும். அந்தக் குமிழிகள்தான் கேக்கைத் தூக்குகின்றன. காய் நிலையில் வாழைப்பழச் சதையில் ஐந்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேல், மாப்பொருள்தான். பழுக்கப் பழுக்க அந்த மாப்பொருள் சீனியாக மாறுகிறது. தோல் கறுக்கும்போது மாப்பொருள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் எஞ்சியிருக்கும். நாம் "கெட்டுப்போச்சு" என்று எறியும் நேரம், கேக்குக்கு அது மிகச் சரியான நேரம். (பூஞ்சணம் பிடித்து, தண்ணீர் வடிந்து, புளித்த வாடை வந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள்.)

மூன்றாவது சாட்சி: அச்சிட்ட செய்முறை.

இன்று நமக்குத் தெரிந்த வாழைப்பழக் கேக் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவலாகத் தென்படுவது 1930களில். அந்தக் காலத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன. நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லாத நிலை வந்தது. எந்தத் தாயும் ஒரு பழத்தைக்கூட வீசத் தயாராக இல்லை. கோதுமை மாக் கம்பனிகளும் பேக்கிங் பவுடர் கம்பனிகளும் தங்கள் பொருளை விற்பதற்காகச் சிறு செய்முறைப் புத்தகங்களை அச்சிட்டன. வாழைப்பழக் கம்பனிகளும் அதையே செய்தன. ஏழை வீட்டின் சிக்கனமும் பெரிய கம்பனிகளின் விளம்பரமும் சந்தித்த இடத்தில் பிறந்ததுதான் இந்தக் கேக்.

2022ஐ நாம் மறக்கவில்லை. எரிவாயு சிலிண்டருக்காக வீதியோரம் வரிசையில் நின்றோம். கோதுமை மா விலையைக் கேட்டுத் திரும்பி வந்தோம். அந்த மாதங்களில் நமது வீடுகளில் எத்தனை புதுச் சமையல்கள் பிறந்தன! கஷ்ட காலம் சமையலறையில் தடம் பதித்துவிட்டுத்தான் போகும்.

இப்போது நான் அவசரமாகக் கடந்துபோக விரும்பாத ஓர் இடத்துக்கு வருகிறேன். 1930களில் அந்தப் பழம் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது?

1899இல் யுனைடெட் புரூட் என்ற கம்பனி உருவானது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மைனர் கீத், கொஸ்டாரிக்காவில் புகையிரதப் பாதை போட்டவர். அந்தப் பாதை போடும் வேலையில் காய்ச்சலாலும் விபத்தாலும் ஆயிரக்கணக்கான கூலிகள் மாண்டார்கள். பாதையோரம் உழைப்பாளிகளின் மலிவான உணவாக நடப்பட்ட வாழை, பிறகு அவரது முக்கிய வியாபாரமாக மாறியது. காலப்போக்கில் மத்திய அமெரிக்காவில் காணி, துறைமுகம், புகையிரதம், தந்திச் சேவை எல்லாம் அந்த ஒரே கம்பனியின் கைக்குள் வந்தன. "வாழைப்பழக் குடியரசு" என்று இன்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் ஓ. ஹென்றி என்ற எழுத்தாளர் 1904இல் வெளியிட்ட புத்தகத்தில் வந்தது. ஒரு கம்பனிக்கு அடிபணிந்த நாட்டுக்கு அவர் வைத்த பெயர் அது.

1928இல் கொலம்பியாவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: வாரத்தில் ஒருநாள் விடுமுறை, கூப்பனுக்குப் பதில் காசாகச் சம்பளம், காயம்பட்டால் நட்டஈடு. டிசம்பர் மாதம் சியனாகா நகரின் சதுக்கத்தில் குடும்பத்தோடு கூடியிருந்தவர்கள் மீது இராணுவம் சுட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர்? கட்டளையிட்ட தளபதி ஒப்புக்கொண்டது 47 பேரை. அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனுக்கு அனுப்பிய செய்தியில் ஆயிரத்துக்கு மேல் என்றிருந்தது. ஒரே சதுக்கம், ஒரே இரவு, இரண்டு எண்ணிக்கைகள். கார்சியா மார்க்கேஸ் தனது 1967ஆம் ஆண்டு நாவலில் அந்தச் சம்பவத்தைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் உலகில் பலருக்கு அது தெரியவந்தது.

1954இல் குவாத்தமாலாவில் தேர்தலில் வென்று வந்த ஜனாதிபதி ஹகோபோ ஆர்பென்ஸ் கவிழ்க்கப்பட்டார். தரிசாகக் கிடந்த பெருங்காணிகளை ஏழை விவசாயிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டத்தை அவர் 1952இல் கொண்டுவந்திருந்தார். அந்தக் காணிகளில் கணிசமான பகுதி யுனைடெட் புரூட்டினுடையது. கவிழ்ப்பை நடத்தியது அமெரிக்காவின் சிஐஏ. பின்னர் பல தசாப்தங்கள் அந்த நாடு உள்நாட்டுப் போரில் எரிந்தது. உள்நாட்டுப் போர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கும் அமெரிக்கத் தாய்மாருக்கும் நேரடித் தொடர்பில்லைதான். பிள்ளைக்குக் கேக் சுட்ட அவர்கள் யாரையும் சுடச் சொல்லவில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் பொருளின் மீதி விலையை எங்கோ யாரோ கொடுத்திருப்பார்கள். நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதுப் பாடமல்ல.

இன்னொரு தகவல், நம் ஊரோடு நேரே தொடர்புடையது. 1930களில் அமெரிக்கர்கள் சாப்பிட்டது இன்று அவர்கள் சாப்பிடும் வாழைப்பழம் அல்ல. அன்று அங்கே இருந்தது "குரோ மிஷெல்" என்ற இனம். பெரியது, வாசனை கூடியது, தோல் தடித்தது. பனாமா நோய் என்ற மண்வழிப் பூஞ்சை தோட்டம் தோட்டமாக அதை அழித்தது. 1960களில் கம்பனிகள் அதைக் கைவிட்டு "கெவென்டிஷ்" என்ற இனத்துக்கு மாறின. அமெரிக்கர்கள் இழந்துவிட்டதாகப் புலம்பும் அந்தக் குரோ மிஷெல் இனம்தான், நமது சந்தையில் "ஆனமாலு" என்று தொங்குகிறது. இப்போது கெவென்டிஷ் இனத்தையும் அதே நோயின் புதிய வடிவம் தாக்குகிறது. 2019இல் அது கொலம்பியாவையும் எட்டிவிட்டது. உலகம் முழுவதற்கும் ஒரே இனத்தை நட்டதன் விளைவு இது. கோழிக்கூட்டு, கதலி, ஆனமாலு, மொந்தன் என்று பல இனம் வைத்திருக்கும் நமது கொல்லைகளின் பெறுமதி இங்கேதான் விளங்குகிறது.

நான்காவது சாட்சி: "ஆமிஷ்" என்ற பெயர்.

ஆமிஷ் பெயரோடு உலகம் சுற்றும் இன்னொரு பலகாரம் "நட்புப் பாண்". இதைச் சுடக் கடையில் மூலப்பொருள் வாங்கினால் மட்டும் போதாது, யாராவது உங்களுக்கு ஒரு கோப்பை புளித்த மாவைக் கொடுக்க வேண்டும். அதில் மா, சீனி, பால் சேர்த்துப் பத்து நாள் வளர்க்க வேண்டும். பத்தாம் நாள் நான்கு கோப்பை எடுத்து, மூன்றை மூன்று பேருக்குக் கொடுத்து, ஒன்றை உங்களுக்கு வைத்துக்கொண்டு, மிகுதியில் கேக் சுடலாம். பலர் அதில் கனிந்த வாழைப்பழத்தையும் கறுவாத்தூளையும் சேர்ப்பார்கள். (கறுவா நமது மண்ணின் சொத்து. ஆனால் அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அதன் உறவினமான காசியா.)

பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்கு. ஒன்று பத்து நாளில் நான்காகும். முப்பது நாளில் 64. அறுபது நாளில் 4,096. நூறு நாளில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். ஒருவரும் சங்கிலியை அறுக்காவிட்டால் ஊரில் மா மிஞ்சாது! செய்முறைத் தாள் போட்டோப் பிரதியாகக் கைக்குக் கை மாறி அமெரிக்கா முழுவதும் பரவியது இப்படித்தான்.

அந்தத் தாளில் பெரும்பாலும் ஒரு பொருள் இருக்கும்: பொதியில் வரும் உடனடி வனிலா புடிங் தூள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடைகளுக்கு வந்த தொழிற்சாலைப் பொருள் அது. முந்நூறு வருடப் பாரம்பரியத்தில் அது எப்படி நுழைந்தது?

எலிசபெத் கொப்லென்ட்ஸ் என்ற ஆமிஷ் பெண்மணி பல வருடங்கள் பத்திரிகைகளில் சமையல் பத்தி எழுதியவர். 2002இல் காலமானார். உண்மையான நட்புப் பாண் என்பது வெறும் புளித்த மாவில் சுட்ட பாண், நோயாளிகளுக்கும் இல்லாதவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதே அவர் தந்த விளக்கம். வாழைப்பழமும் இல்லை, வனிலாவும் இல்லை. வருத்தப்பட்டவர் வீட்டுக்குப் பாண் போக வேண்டும் என்ற வழக்கம் மட்டும்தான்.

அப்படியானால் ஆமிஷ் வீடுகளில் வாழைப்பழக் கேக் சுடுவதில்லையா? தாராளமாகச் சுடுகிறார்கள், எரிவாயு அடுப்பில். காணி விலை ஏறி, எல்லோருக்கும் விவசாயம் கிடைக்காமல் போனபோது, பல குடும்பங்கள் வீதியோரக் கடை போட்டுப் பாணும் கேக்கும் விற்கத் தொடங்கின. 1950களிலிருந்து லங்காஸ்டர் மாவட்டத்துக்கு உல்லாசப் பயணிகள் குவிந்தார்கள். நகரத்து மனிதருக்கு "ஆமிஷ்" என்ற சொல் கலப்படமற்றது, கைப்பக்குவம், பழைய காலத்து நிம்மதி என்ற பொருளைத் தந்தது. வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டவர்களின் பெயர் இப்போது கேக் பெட்டியில் விளம்பரம்.

சிறுபான்மைச் சமூகமாக வாழும் நமக்கு இதில் யோசிக்க ஒரு விடயம் இருக்கிறது. பெருநாள் வந்தால் சிங்கள, தமிழ் நண்பர்கள் நம்மிடம் கேட்பது வட்டிலப்பம். அது மலாய் மக்களோடு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று அது நமது அடையாளம். மகிழ்ச்சிதான். ஆனால் பலகாரத்தை அறிந்த அளவுக்கு நம்மை அறிந்திருக்கிறார்களா? அதைவிட முக்கியமான கேள்வி, நமது கதையை நாமே அறிந்திருக்கிறோமா? ஆமிஷ்களின் கேக்கை அடுத்தவர்கள் எழுதியதால்தான் முந்நூறு வருடக் கட்டுக்கதை பிறந்தது. நாம் எழுதாவிட்டால் நமக்கும் அதுவே நடக்கும்.

கடைசியாக, செய்முறை இல்லாமல் அனுப்பினால் ராத்தாமார் கோபிப்பார்கள். கனிந்த ஆனமாலு 3, அல்லது கோழிக்கூட்டு 5. நன்றாக மசியுங்கள். பட்டர் அல்லது எண்ணெய் அரைக் கோப்பை, சீனி முக்கால் கோப்பை, முட்டை 2 சேர்த்துக் கலக்குங்கள். கோதுமை மா 2 கோப்பை, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை அரித்துச் சேருங்கள். மா நனைந்ததும் நிறுத்துங்கள், அதிகம் அடித்தால் கேக் இறுகிவிடும். 175 பாகையில் 50 முதல் 60 நிமிடம். ஈர்க்குச்சி குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால் சரி.

ஒரு துண்டு அயல் வீட்டுக்கும் போகட்டும். யாராவது சுகமில்லாமல் படுத்திருந்தால் முதல் துண்டு அங்கே.

அத்தோடு ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மும்மா உயிரோடு இருந்தால் இந்த வாரமே ஒரு கொப்பியோடு பக்கத்தில் உட்காருங்கள். அவர் செய்யும் ஒரு பலகாரத்தை எழுதுங்கள். அளவோடு நிறுத்தாதீர்கள். யாரிடம் படித்தார், எந்த அடுப்பில் செய்தார், மாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எதைப் போட்டுச் சமாளித்தார், இடம்பெயர்ந்து போனபோது எந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். திகதியும் ஊர்ப் பெயரும் போடுங்கள். நமது ஊரின் வரலாற்றை எழுதப்போகும் பிள்ளைக்கு அந்தக் கொப்பி தேவைப்படும்.